வைத்திருக்கிற போத்தல்கள்

மீன்குழம்புச் சட்டிக்கு இடம் தேடித்தான் அம்மா அந்தச் சின்னப் பிரிட்ஜைத் திறந்தார். கடந்த மாசி மாதம், ஸ்காபரோவிலிருந்து இரண்டு கிழமைக்கு வந்திருந்தார். அம்மா வந்தால் எங்கள் பெரிய பிரிட்ஜ் இரண்டாம் நாளே நிறைந்துவிடும். மூலையில் இடுப்பளவு உயரத்தில் உறுமிக்கொண்டிருந்ததையும் ஒரு பிரிட்ஜ் என்றே நினைத்திருக்கிறார்.

கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். உள்ளே இருபத்திநான்கு பியர் போத்தல்கள். எல்லாம் நிமிர்ந்த வாக்கில். ஒவ்வொன்றின் கழுத்திலும் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதிய வெள்ளைப் பட்டி.

"தம்பி, இதென்ன?"

"குடிக்கிறதுக்கு இல்லையம்மா. வைச்சிருக்கிறதுக்கு."

"குடிக்காமல் வைச்சிருக்கிறதுக்கு ஏன் காசு குடுத்து வாங்கினனீ?"

கோபமாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அம்மாவின் முகத்தில் இருந்தது பயம். முப்பது வருடத்துக்கு மேல் அப்பாவோடு வாழ்ந்தவர். மூடி திறக்கிற சத்தத்தை வைத்தே அது எத்தனையாவது என்று சொல்லக்கூடியவர். அரிசிச் சாக்குக்குப் பின்னால், கழிவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள், காரின் உதிரிச் சில்லுக்கு அடியில் என்று போத்தல்களைத் தேடித் தேடியே அவருடைய நடுவயது போனது. மகன் வீட்டில் போத்தலுக்கென்றே ஒரு பெட்டி இருந்தால் என்ன நினைப்பார்?

அன்று பின்னேரம் முழுவதும் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். இங்கே எழுதுவதும் பெரும்பாலும் அதுதான்.

எங்கள் வீடு பழைய துறைமுகத்துக்கு அருகே, ஒருகாலத்தில் பண்டகசாலையாக இருந்த கட்டடத்தில், நான்காம் மாடியில் இருக்கிறது. நிலவறை இல்லை. மாரியில் சூடாக்கி வீட்டை 22 பாகையில் வைத்திருக்கும். கோடையில் 30ஐத் தொடும். பியரை வருடக்கணக்கில் வைக்க உகந்தது 10 முதல் 13 பாகை வரையான, ஏறி இறங்காத குளிர், கூடவே இருட்டு. வெப்பம் கூடினால் மூப்பும் விரைவாகும், ஆனால் அழகாக மூப்படையாது. சாதாரணப் பிரிட்ஜின் 4 பாகையில் கெடாது, ஆனால் எல்லாம் மிக மெதுவாகவே நடக்கும். அதனால் பழைய சின்னப் பிரிட்ஜ் ஒன்றை வாங்கி, சுவர்ச் செருகிக்கும் அதற்கும் நடுவே ஒரு வெப்பநிலைக் கட்டுப்படுத்தியைப் பொருத்தினேன். அதன் உணரி ஒரு போத்தல் தண்ணீருக்குள் கிடக்கிறது. 13ஐத் தாண்டினால் மின்சாரம் வரும், 11க்கு இறங்கினால் நிற்கும். காற்றின் வெப்பம் கதவைத் திறந்தவுடன் மாறிவிடும், தண்ணீரின் வெப்பம் மாறாது. நமக்கு வேண்டியது போத்தலுக்குள் இருக்கும் வெப்பம்தானே.

எல்லாப் பியரும் இதற்குச் சரிவராது. சாதாரண லாகரை வைத்திருந்தால் நனைந்த காட்போட் மட்டையின் மணம்தான் மிஞ்சும். ஹொப்ஸ் மணக்கும் ஐபிஏ வகையைச் சில மாதங்களுக்குள் குடித்துவிட வேண்டும். ஆசையில் ஒரு வருடம் வைத்துப் பார்த்தேன், மணம் போய்க் கசப்பு மட்டும் நின்றது. அந்த வகையே ஒருகாலத்தில் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் கிடந்து வந்த வெளிறிய பியரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது என்பது வேடிக்கை. யன்னலோரம் வைத்த பச்சைப் போத்தல் ஸ்கங்க் போல நாறியது: ஹொப்ஸில் உள்ள பொருள்களை வெளிச்சம் உடைப்பதால் வரும் வினை அது. பழுப்புக் கண்ணாடி ஓரளவு காக்கும். ஒருமுறை மேல்தட்டின் பனிப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்த போத்தல் உறைந்து வெடித்தது. மூன்று நாள் பிரிட்ஜ் முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது.

தாங்குபவை, கறுத்து, மால்ட் கனத்து, அற்ககோல் 8 வீதத்துக்கு மேலிருப்பவை. போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்தவை என்றால் இன்னும் நல்லது. அடியில் உயிரோடு கிடக்கும் ஈஸ்ட், புகுந்த ஒட்சிசனில் ஒரு பங்கைத் தின்றுவிடும். போத்தலை நிமிர்த்தி வைப்பது அதற்காகவும்தான். ஈஸ்ட் அடியில் படிந்து கிடக்கட்டும் என்று. இங்கே பக்கத்தில் ஷாம்பிளியில் யூனிப்ரூ வடிக்கும் த்ருவா பிஸ்தோல் அப்படியான ஒன்று. 9 வீதம். புதிதாகக் குடித்தால் கொஞ்சம் முரடு. நாலைந்து வருடத்தில் அந்த முரடு தேய்ந்து, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, பழைய செரி மது என்று இறங்கும். மட்டை மணத்தைக் கொண்டுவருகிற அதே ஒட்சிசன்தான் இங்கே பழமணத்தையும் கொண்டுவருகிறது. ஆனால் அதற்கும் ஒரு உச்சி உண்டு. அதைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துக் கரைந்து சோயா சோஸ் போல மணக்கும். உச்சி எப்போது என்பதைத் திறந்து பார்த்துத்தான் அறியலாம். திறந்தால் மூட முடியாது.

அம்மா யன்னலால் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டார். பனிக்கட்டிகள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. 1964 வரை மாரியில் இந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் வராது என்று சொன்னேன். ஆறு உறைவதற்கு முன் வந்து சேர்ந்ததைப் பண்டகசாலைகளில் அடுக்கி வைத்துக்கொண்டு வசந்தம் வரை இருக்க வேண்டும். புது வருடத்தில் கடல் தாண்டி முதலில் வந்து சேரும் கப்பலின் தலைவனுக்குத் தங்கப்பிடி போட்ட கைத்தடி கொடுக்கும் வழக்கம் 1840இலிருந்து இருக்கிறது. கொஞ்சம் கிழக்கே, இதே கரையில்தான் ஜோன் மோல்சன் 1786இல் பியர் வடிக்கத் தொடங்கினான். வைத்திருப்பது இந்த ஊருக்குப் பழக்கமான வேலை.

"எங்களுக்கும்தான்" என்றார் அம்மா.

உண்மை. எங்கள் ஊரில் வைக்க முடியாதது கள்ளு ஒன்றுதான். காலையில் இறக்கியது பின்னேரம் புளிக்கும், அடுத்த நாள் வினாகிரியாகப் போகும். மற்றதெல்லாம் அம்மா வைத்தார். கோண்டாவில் வீட்டில் ஒடியல், புழுக்கொடியல், ஊறுகாய், மூட்டை நெல். ஒரு பெரிய சாடி நிறையப் பாணிப் பனாட்டு. பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்து, துண்டு துண்டாக வெட்டிப் பாணியில் ஊறப்போட்டு, துணியால் வாய்கட்டி வைப்பார். நாளாக நாளாகத்தான் ருசி. எங்களைத் தொடவிட மாட்டார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு அதையெல்லாம் விட்டுவிட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்தோம். மழை. ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது போல இருந்தது. எனக்குப் பதினைந்து வயது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, சாடியும் இல்லை.

அந்த ஒரு இரவிலிருந்து அம்மாவும் அப்பாவும் இரண்டு வேறு பாடங்களைக் கற்றுக்கொண்டார்கள். அம்மா இன்றைக்கும் ஸ்காபரோவில் நான்கு மூட்டை அரிசி இல்லாமல் நித்திரை கொள்ள மாட்டார். அப்பா அதற்கு முன்பும் குடிப்பார், பின்னேரத்தில் தவறணையில் ஒரு போத்தல் கள்ளு. அதன்பிறகு அவர் கையில் எந்தப் போத்தலும் மறுநாளைப் பார்த்ததில்லை. "நாளைக்கு எண்டு ஒண்டையும் வையாதை" என்பார். 2016 கார்த்திகையில் ஈரல் போய் இறந்தார்.

செத்தவீடு முடிந்து காரோட்டிக்கொண்டு வந்த இரவு, வீட்டு மூலைக்கடையில் ஒரு பெரிய த்ருவா பிஸ்தோல் வாங்கினேன். குடிக்கத்தான் வாங்கினேன். மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அலுமாரிக்குள் தள்ளினேன். பிரிட்ஜ் அதற்குப் பிறகு வந்தது. இருபத்திநான்குக்கு மேல் வைப்பதில்லை. மாதம் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. எல்லாம் கணினியில் பதிவு. நண்பர்கள் இதைத் தொழில்நோய் என்கிறார்கள். அவர் மகன் நான் என்பதை மறக்காமல் இருக்கத்தான் எண்ணுகிறேன் என்று அவர்களிடம் சொன்னதில்லை. அம்மாவிடம் சொன்னேன். இது உங்கள் சாடியா அப்பாவின் போத்தலா என்று எனக்கே சில நாட்களில் தெரிவதில்லை என்றும் சொன்னேன்.

அம்மா எழும்பிப்போய்ப் பிரிட்ஜைத் திறந்து, பட்டிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பின்வரிசையிலிருந்து 2016 கார்த்திகையை எடுத்தார்.

"இதை எப்ப திறப்பாய்?"

"தெரியாது."

"பழுதாகப் போகும் எண்டு நீதானே சொன்னனீ. திற."

திறந்தேன். சத்தத்துக்கு அம்மாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. நுரை குறைவாகத்தான் வந்தது. கிளாஸை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். வாழ்நாளில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"பனாட்டுச் சாடி" என்றார். "துணியை அவிழ்க்கேக்கை வாற மணம்."

குடிக்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான் அந்த ஒரு கிளாஸைக் குடித்தேன். நல்லாயிருந்தது; உச்சியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. போத்தலில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. 750 மில்லிலீற்றர், 9 வீதம். ஒரு ஆளுக்குக் கூட. அம்மா பார்த்துக்கொண்டு நிற்க, மிச்சத்தைக் குசினித் தொட்டியில் ஊற்றினேன்.

"ஐயோ தம்பி" என்று கையைப் பிடித்தார் அம்மா. "எட்டு வருசம் வைச்சிட்டு ஊத்துறியே."