கைக்கு எட்டாத இரண்டடி

சென்னையிலிருந்து வரும் ஆம்னி பஸ் விடிகாலையில் காந்திபுரத்தில் வந்து நிற்கும்போது ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். "ஏனுங்ணா, அந்த நீலப் பெட்டி நம்முளுதுங்க" என்று ஒருத்தர் தூக்கக் கலக்கத்தோடு டிக்கியைக் காட்டுவார். நீலப் பெட்டி சரியாக நட்ட நடுவில் இருக்கும். கிளீனர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே தவழ்ந்து போவார். கொஞ்ச நேரத்துக்கு இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும். :-)

காரணம் சின்னக் கணக்குதான். பஸ்ஸின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். டிக்கி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போகிறது. எந்தக் கதவைத் திறந்தாலும் நடுப்பகுதி நாலடி உள்ளே இருக்கிறது. மனுஷன் கை எட்டுவது இரண்டடி. மீதி இரண்டடிக்குத்தான் இவ்வளவு பாடு. பஸ்ஸில் இது ஒரு நாளைக்கு ஒரு தடவை வரும் தொல்லை, பொறுத்துக்கொள்ளலாம். வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்கு?

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் இதற்கு என்றைக்கோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தரைக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில் மேஜை டிராயர் மாதிரி பெரிய ட்ரே போட்டுவிடுகிறார்கள். ஆள் உள்ளே போகவேண்டாம், சாமான் வெளியே வரும். பலர் இதை வீட்டு ஷெட்டிலேயே வெல்டிங் அடித்துச் செய்துகொள்கிறார்கள். "நம்ம ஊரில் மோட்டார்ஹோமுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். 2021ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கையே அறிவித்தது. சினிமாக்காரர்களின் கேரவனும் இருக்கிறது. ஆனால் கொங்கு நாட்டின் அசல் மோட்டார்ஹோம் அது எதுவும் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிதான் அது.

இந்தியாவின் எந்த மூலையில் போர்வெல் போட்டாலும் வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ரிக் வண்டி ஒன்று, கூடவே குழாய், டீசல், அரிசி, பருப்பு, ஆட்கள் எல்லாம் ஏற்றிய சப்போர்ட் வண்டி ஒன்று. ஊரை விட்டுக் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் சுற்றுவார்கள். சமையல், குளியல், தூக்கம் எல்லாம் அந்த வண்டியை ஒட்டித்தான். மோட்டார்ஹோம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஏனென்றால் யாரும் அதில் சுற்றுலா போகவில்லை.

நாமக்கல் பக்கம் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் பாடி கட்டுகிறவர்களுக்கு, பாடிக்குக் கீழே சக்கரங்களுக்கு நடுவில் பெட்டி அடிப்பது தண்ணி பட்ட பாடு. ஆனால் பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு குகைதான். ஜாக்கி முன்னால், ஸ்பேனர் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியில் பருப்பு டப்பா. ராத்திரி ஒரு மணிக்குப் போர் முடித்துவிட்டு வருகிற பசியில், இடுப்பை வளைத்து டார்ச் அடித்து அதைத் தேடவேண்டும். அந்த இடுப்பு அதற்கு முன்னால் நாள் முழுக்க இரும்புக் குழாய் தூக்கிய இடுப்பு.

சரி, விஷயத்துக்கு. அந்தக் குகைக்குள் ஒரு ட்ரே போடுவது எப்படி?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, ஹார்டுவேர் கடையில் டெலஸ்கோபிக் சேனல் ஒரு ஜோடி வாங்கி மாட்டிவிடலாம் என்பது. சமையலறை டிராயருக்கு அது நல்ல சாமான். ஆனால் ரோட்டுக் குலுக்கலில் உள்ளே இருக்கும் சின்னக் குண்டுகள் தாங்காது. ரிக் வேலையில் இன்னொரு வில்லனும் உண்டு. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் கல் மாவு. கிரீஸ் தடவிய சேனலில் அந்த மாவு படிந்தால் அது வால்வு கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். நகரவேண்டிய பாகத்தை அதுவே தேய்த்துத் தின்றுவிடும்.

அதனால் பேரிங் வைத்துச் செய்வதே மேல். கோவையில் பேரிங்குக்கும் லேத்துக்கும் பஞ்சமா என்ன? உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் சேனலும் ஆங்கிளும் கிடைக்கும், கணபதியில் ஏதாவது ஒரு பட்டறையில் வெல்டிங் முடியும். 6201 என்ற பேரிங் இதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது. உள்துளை 12 மில்லிமீட்டர், சாதாரண 12 எம்எம் போல்ட்டே அச்சாகிவிடும், புஷ் கடையவேண்டிய வேலையில்லை. வாங்கும்போது ரப்பர் சீல் வைத்த 2ஆர்எஸ் ரகம் என்று கேட்டு வாங்கவேண்டும். வெறும் தகடு மூடிய இசட்இசட் ரகத்தில் கல் மாவு எப்படியாவது புகுந்துவிடும்.

அமைப்பு எளிமையானது. பெட்டியின் இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு சி சேனல். ட்ரேயின் பின்கோடியில் பக்கத்துக்கு ஒரு பேரிங், அது சேனலுக்குள் ஓடும். பெட்டியின் வாசலில் பக்கத்துக்கு ஒரு பேரிங், அது வண்டியோடு நிலையாக இருக்கும், ட்ரே அதன் மேல் உருண்டு வரும். சேனலின் உள் உயரம் பேரிங்கைவிட ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். அதற்குமேல் இடம் விட்டால் வண்டி போகிற வழியெல்லாம் கடகட என்று கச்சேரிதான்.

ட்ரே எவ்வளவு தூரம் வெளியே வரலாம்? இங்கேதான் ஆசை கண்ணை மறைக்கும். 1.2 மீட்டர் நீள ட்ரே, 80 கிலோ சாமான் சமமாகப் பரப்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி, அதாவது 60 சென்டிமீட்டர் இழுத்தால் எடையெல்லாம் வாசல் பேரிங் மேலேயே உட்காரும், பின்னால் ஒன்றும் இல்லை. 80 சென்டிமீட்டர் இழுத்தால் பின்கோடி மேலே எழப் பார்க்கும். அதை அமுக்கிப் பிடிக்க சேனலுக்கு 40 கிலோ வேண்டும், வாசல் பேரிங் ஜோடியின் மேல் 120 கிலோ விழும். ஒரு மீட்டர் இழுத்தால்? பின்னால் 160 கிலோ, வாசலில் 240. கூடுதலாக இழுத்தது 20 சென்டிமீட்டர்தான், பாரம் இரண்டு மடங்கு. பேரிங் ஒவ்வொன்றும் நின்ற நிலையில் 300 கிலோ தாங்கும், அது உடையாது. முதலில் விட்டுக்கொடுப்பது சேனலின் மேல் விளிம்பும், சேனலைப் பெட்டியோடு பிடித்த வெல்டிங்கும்தான். மூன்றில் இரண்டு பங்கோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அந்த இடத்தில் ஒரு ஸ்டாப்பர் போல்ட் கட்டாயம்.

ட்ரேயின் சொந்த எடையையும் பார்க்கவேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் "கனமாப் போட்டாத்தானுங்க நிக்கும்" என்பது வேத வாக்கு. 1.2க்கு 0.6 மீட்டர் ட்ரேக்குச் சுற்றிலும் 40×40×5 ஆங்கிள், மேலே 3 எம்எம் இரும்புத் தகடு போட்டால், காலி ட்ரே மட்டும் 28 கிலோ. நீளவாக்கில் மட்டும் 40×40×3, குறுக்கே 25×25×3, தளத்துக்கு 12 எம்எம் மரைன் பிளைவுட் என்று போட்டால் 11 கிலோ சொச்சம். வித்தியாசம் 16 கிலோவுக்கு மேலே! ஆனால் இன்னும் மிச்சம் பிடிக்கிறேன் என்று நீளவாக்கிலும் 25 ஆங்கிள் போட்டால், முழுப் பாரத்தோடு இழுத்த அன்றே தொங்கிப்போகும்.

இதெல்லாம் தப்பினால் காசும் முதுகும் போகும். தாழ்ப்பாள் தப்பினால் உயிர் போகும். அதுவும் ரோட்டில் போகிற வேறு யாரோ ஒருவரின் உயிர்.

இடதுபக்க ட்ரேயோடு வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில், 30 மீட்டர் ஆரமுள்ள வலது வளைவில் திரும்புகிறது. அந்த 80 கிலோ சாமான் 33 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே வரப் பார்க்கும். பேரிங் வேறு வழுக்கிக்கொண்டு ஓடக் காத்திருக்கிறது. காந்தம், ஸ்பிரிங் கொக்கி எதுவும் நிற்காது. திம்பம் மலைப்பாதையில் மட்டும் 27 கொண்டை ஊசி வளைவு. வலது பக்கம் திரும்பும் ஒவ்வொன்றிலும் ட்ரே ஒரு தடவை தாழ்ப்பாளை முட்டிப் பார்க்கும். அவிநாசி ரோட்டில் வண்டியை ஒட்டி மொபெட்டில் போகிறவரின் காலுக்கும் மார்புக்கும் நடுவே வரும் உயரத்தில்தான் அந்த ட்ரே இருக்கிறது. பெட்டிக் கதவே தடுக்கும் என்று நினைக்கக்கூடாது. கதவு தூசிக்குத்தான். ட்ரேக்குத் தனியாக இரண்டு பூட்டு வேண்டும். ஒன்று தானாக விழும் கொக்கி, இன்னொன்று கையால் குத்தும் 12 எம்எம் பின். வெளியே இழுத்த நிலையிலும் பின் குத்த ஒரு ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் சரிவில் நிறுத்தியிருக்கும்போது ட்ரே தானாகத் திரும்பி வந்து விரலை நசுக்கும்.

அதே காரணத்துக்காக, பெட்டிக்கு இடம் வேண்டும் என்று லாரியின் பக்கவாட்டுத் தடுப்புக் கம்பியை அறுப்பது கூடாது. டூவீலர்காரர் பின்சக்கரத்துக்குள் போகாமல் காப்பது அந்தக் கம்பி. நிலையான மாற்றம் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவும் குறுக்கே வரும். கேஸ் சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் பேட்டரியோடு சேர்த்து வைப்பதும் வேண்டாம். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் ட்ரேக்கு அடியில் தேங்கி நிற்கும். அந்தப் பெட்டியின் தரையில் நல்ல ஓட்டைகள் போடவேண்டும்.

எந்தப் பக்கம் திறக்கலாம்? இடது பக்கம்தான். ரோட்டோரம் நிறுத்திச் சமைக்கிறவர் போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டியதில்லை.

வண்டியை வெளியூருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை. 80 கிலோவுக்குப் பதில் 120 கிலோ மணல் மூட்டையை ட்ரேயில் ஏற்றி, வலதுபக்கச் சக்கரங்களைப் பலகை மேல் ஏற்றி வண்டியைச் சாய்த்து நிறுத்தி, ராத்திரி முழுக்க விட்டுவிடவேண்டும். காலையில் பின் கையால் சுலபமாகக் கழன்றால் வண்டி கிளம்பலாம். சுத்தியல் எடுத்துத் தட்டவேண்டியிருந்தால் பின் வளைந்திருக்கிறது, மறுபடி பட்டறைக்கு.