நிறம் மறையும் வரை

அக்டோபர் 4, 2025

மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாடா மாவட்டத்தில், இருமலுக்கென்று பெற்றோர் ஆசையோடு ஊட்டிய இனிப்பு மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலற்று ஒவ்வொருவராய் மாண்ட செய்தியும், அம்மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் என்ற செய்தியும் வந்து சேர்ந்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்னும் விஷம் 48.6 சதவீதம் இருந்ததாக நம் அரசின் பரிசோதனைக் கூடமே கண்டு சொல்லியிருக்கிறது. சகிக்கத்தக்க வரம்போ 0.1 சதவீதம். மருந்துக்கடையில் நெடுங்காலம் நின்றுவிட்டு, டிப்ளமோ படித்தவர்களுக்குள்ள வசதியினால் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர்ந்து, என்னை ‘அங்கிள்’ என்றழைக்கும் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் எனக்கு, இது பத்திரிகையோடு மடித்து வைத்துவிடக்கூடிய விஷயமாயில்லை. ஆகவேதான் இந்த நோட்டுப் புத்தகம்.

அக்டோபர் 5

உறக்கம் வரவில்லை.

அக்டோபர் 7

கல்லூரி விட்டதும் மாலையில் வழக்கம்போல் கடைக்குச் சென்றேன். தெருக்கோடி வீட்டு அம்மாள், முந்தானையில் சுற்றிய ஒரு சீசாவை மேஜைமேல் வைத்தார். பேரனுக்காகச் சென்ற மாதம் வாங்கிய இருமல் மருந்து, வேறொரு கம்பெனியுடையது, பாதி மிச்சமிருந்தது.

“தம்பி, இதைக் குடுக்கலாமா, கொட்டிடட்டா?”

தொகுப்பு எண்ணைப் பார்த்தேன், காலாவதித் தேதியைப் பார்த்தேன், தடைசெய்யப்பட்ட மருந்து இதுவன்று என்றேன். அவருக்கு அது போதவில்லை.

“அது தெரியும். உள்ள இருக்கிறது நல்லதான்னு கேக்கிறேன். நீதான் மருந்துக்கே காலேஜ் படிக்கிறியே, பார்த்தா தெரியாதா?”

பார்த்தால் தெரியாது. நீரில் எளிதில் கரையாத மருந்துச் சரக்குகளைக் கரைத்துக் கொடுக்கும் ப்ரொப்பிலீன் கிளைகாலும், யந்திரத் திரவங்களில் புழங்கும் அந்த விஷமும், கண்ணுக்கு நிறமற்று, மூக்குக்கு மணமற்று, நாவுக்கு இனிப்பாகவே இருப்பவை. நாக்கு நம்பிவிடுகிறது என்பதிலேதான் விபரீதமெல்லாம். பிரித்தறிய டி.எல்.சி. என்னும் மென்படலப் பிரிகைத் தட்டோ, வாயுப் பிரிகைக் கருவியோ வேண்டும். அவை இருக்கவேண்டிய இடம் ஆலை, என் மேஜையன்று. இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? மூன்று வயதுக் குழந்தையின் சாதாரணச் சளிக்கு இவ்வகைக் கலவை மருந்துகள் அவசியமேயில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். சொன்னது சரிதான், ஆனால் அவர் கேட்டது அதுவன்று.

சீசாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொட்டினாரா, கொடுத்தாரா, தெரியாது.

அக்டோபர் 9

நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் படிக்க ஆத்திரம்தான் மிகுந்தது. 1937-இல் அமெரிக்காவில் சல்பனிலமைடு என்னும் மருந்தை இதே டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் விளைவாக, மருந்து தீங்கற்றதென்று விற்பனைக்கு முன்னரே காட்டவேண்டுமென அடுத்த ஆண்டே அங்கே சட்டம் பிறந்தது. 1986-இல் மும்பையின் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரினோடு இதே விஷம். 2022-இல் காம்பியாவில் குழந்தைகள். நம்முடைய மருந்துச் சட்டமோ 1940-லேயே வந்தது. விஷம் புதியதன்று, பரிசோதனை அரியதன்று, சட்டம் இல்லாமலுமில்லை. பின்னே எதுதான் இல்லை?

அக்டோபர் 14

கரிம வேதியியல் செய்முறை வகுப்பு. தேங்காயெண்ணெயின் சோப்பாக்கல் எண் காணவேண்டும்: எண்ணெயை நிறுத்து, ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்கவைத்து, மிஞ்சிய காரத்தை அமிலத்தால் அளந்து, பினாப்தலீனின் இளஞ்சிவப்பு மறையும் துளியில் பியூரெட்டை மூடி அளவைப் படிப்பது. வரவேண்டிய விடை 250-க்குச் சற்று மேலென்று அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பியூரெட் அளவை எழுதிக்கொள்ளும் வித்தை அதைவிட நன்றாகத் தெரியும். மணி அடிப்பதற்கு வெகு முன்பே பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கிவிட்டார்கள். அவர்களுடைய சிரிப்பில் எனக்கும் கொஞ்சம் மனம் லேசாயிற்று. பரீட்சைப் பயமன்றி வேறு பயமறியாத பிராயம்.

என் பக்கத்து மேஜைப் பெண் மட்டும் முடிக்கவில்லை. அவளுக்கு 228 வந்தது. மறுபடியும் எண்ணெயை நிறுத்தாள், 227.

“டூ பிப்டி போட்டுடும்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றான் ஒருவன்.

“வரலையே, எப்படிப் போடறது?” என்றாள்.

அக்டோபர் 18

தீபாவளி லேகியத்துக்குக் கடையில் நெரிசல். அதில் என்ன இருக்கிறதென்று ஒரு பிராணியும் கேட்கவில்லை.

அக்டோபர் 28

பக்கத்து மேஜைப் பெண் அதே சோதனையை மூன்றாம் முறையும் செய்தாள், ஆசிரியர் அருகிலேயே நின்றார், மறுபடி 228. குடுவை கழுவினதில் குறை, அமிலத்தின் திறனில் குறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்த அவர், கடைசியில் அலமாரியிலிருந்த எண்ணெய்ப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். சோப்பாகாத கனிம எண்ணெய் கலந்திருந்தால் இந்த எண் குறையும் என்பது பாடத்தில் இருக்கிறது. அன்றைக்கு அந்த ஒரே புட்டியிலிருந்துதான் எல்லோரும் எடுத்தோம்.

“எங்கே வாங்கினது?” என்று அட்டெண்டரைக் கேட்டார். சில்லறைக் கடையில் என்றார் அவர். வேறு எண்ணெய் வாங்கிவரச் சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்குப் போனார்.

சாயங்காலம் மற்றவர்களுடைய ரெக்கார்டுகள் கையெழுத்தாகி வந்தன. அவளுடையது இன்னும் வரவில்லை.