ரேடியோவுக்குச் சோறு போடும் பெட்டி

ஹாம் ரேடியோ பழக ஆசைப்படும் தம்பி தங்கைகள் எல்லோரும் முதலில் ரேடியோவின் விலையைத்தான் கேட்கிறீர்கள். அதற்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியை யாரும் கேட்பதில்லை. 100 வாட் ஹெச்.எஃப். ரேடியோ ஒன்று பேசும்போது 20 ஆம்பியர் வரை, சிலது அதற்கு மேலும், இழுக்கும். அதுவும் 13.8 வோல்ட் டிசியில். ஓடும் காரில் பேட்டரி சார்ஜ் ஆகும்போது இருக்கும் வோல்ட்டேஜ் ஏறக்குறைய அதுதான். நம் சுவர் பிளக்கில் வருவதோ 230 வோல்ட் ஏசி. நடுவில் நல்ல பவர் சப்ளை இல்லாமல் முடியாது. புதிதாக வாங்கினால் பர்ஸ் காலி.

வளைகுடாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை சர்வர்களை மாற்றும். ஐடி வேலையில் நான் அடிக்கடி பார்ப்பது இது. கழித்துக் கட்டியவை ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியா போன்ற இடங்களின் பழைய சாமான் கடைகளுக்கு வந்துவிடும். ஹெச்பி சர்வர்களில் வந்த டிபிஎஸ்-600பிபி என்ற சப்ளை உலகம் முழுக்க ஹாம்களிடம் பிரபலம். கையடக்கப் பெட்டி, 12 வோல்ட்டில் 47 ஆம்பியர் தரும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

லேபிளில் 100–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். 115 மட்டும் போட்டிருந்தால் நம் பிளக்கில் சொருகிய நொடியே புகைதான்.

12 வோல்ட் போதுமா? பல ரேடியோக்கள் 13.8-க்கு மேலும் கீழும் 15 சதவீதம் தாங்கும். அதாவது 11.7 வரை. மெல்லிய வயரில் அரை வோல்ட் குறைந்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதனால் தடித்த, குட்டையான வயர் போடுங்கள். ஃபியூஸும் கட்டாயம்.

ரேடியோவை இணைக்கும் முன் லோடு கொடுத்துப் பாருங்கள். 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு நான்கை இணையாகக் கட்டினால் சுமார் 18 ஆம்பியர் போகும். கால் மணி நேரம் எரியட்டும், வோல்ட்டேஜ் இறங்குகிறதா என்று மீட்டரில் பாருங்கள். பக்கத்தில் ஒரு ஏஎம் ரேடியோவை வைத்தால் சப்ளை கிளப்பும் இரைச்சலும் தெரிந்துவிடும்.

ஒன்றே ஒன்று: மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 380 வோல்ட் அளவுக்கு டிசி தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும். ஆளைக் கொல்ல அது போதும்.

மொபைல் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, நாகப்பட்டினத்தில் இருந்த பெரியம்மாவுக்கு லைன் கிடைக்காமல் அம்மா ஷார்ஜாவில் இரவு முழுக்க ரீடயல் அழுத்திக்கொண்டிருந்தார். அதே நாட்களில் போர்ட் பிளேரில், ஹாம் பயணமாக அந்தமான் வந்திருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் ரேடியோ வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யார் பத்திரமாக இருக்கிறார் என்ற ஒற்றை வரிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. கடல் கடந்து வாழும் நமக்கு அந்த வரியின் மதிப்பு தெரியும்.

பேச உரிமம் வேண்டும். இங்கே அதை டிடிஆர்ஏ பார்த்துக்கொள்கிறது. படிப்பும் தேர்வும் ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த வெள்ளிக்கிழமை மாலை ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு பழைய சாமான் கடைப் பக்கம் போய் வாருங்கள்.