மட்கார்டை வளைக்கவில்லை

சிறுமலை
ஐப்பசி 10

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் கொடுத்துவிட்ட பொடி அரம் இரண்டும் பழைய ட்வீசரும் பத்திரமாக வந்து சேர்ந்தன. 18 கொண்டை ஊசி வளைவு தாண்டும்வரை பஸ் கண்டக்டர் அவற்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம்.

"நாற்பது வயசுல பொம்மை டாங்கிக்கு அரமாடா?" என்று போனில் சிரித்தீர்கள். சிரியுங்கள். ஆனால் இதில் ஒரு பித்தளை விவகாரம் இருக்கிறது. நாகல் நகர்ப் பட்டறையில் முப்பது வருஷம் பூட்டு ராவியவரிடம் சொல்லாமல் அதை வேறு யாரிடம் சொல்வேன்?

நான் கட்டுவது செஞ்சுரியன். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில், பூனா ஹார்ஸ் படையின் அருண் கேத்தர்பால் தீப்பிடித்த பிறகும் இறங்காமல் நின்று சுட்டாரே, அந்த டாங்கி இந்த வகைதான். 'ஃபாமகுஸ்தா' என்று அதற்குப் பெயர். அவருக்கு அப்போது 21 வயது.

மாடல் 35-ல் ஒரு பங்கு. ஏன் 35 என்று கேட்பீர்கள். ஜப்பான்காரர்கள் டமியா கம்பெனியில் முதலில் ஒரு ஜெர்மன் டாங்கி மாடல் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று பார்த்த அளவு அது. அப்படியே நிலைத்துவிட்டது. நம் ஊரில் கதவுக்கு ஏற்ற பூட்டு. அங்கே பேட்டரிக்கு ஏற்ற டாங்கி.

இப்போது கணக்குப் பாருங்கள். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மட்கார்டு ஒரு மில்லி கனம். நிஜ அளவுக்குக் கொண்டுபோனால் 35 மில்லி! நிஜ மட்கார்டு கவசம் இல்லை, மூன்று மில்லி சொச்சம் தகரம். மரத்தில் உரசினாலே நசுங்கும். அதனால்தான் பித்தளை. 0.1, 0.2 மில்லி கனத்தில் தகடு தனியாகக் கிடைக்கிறது. அதில் மட்கார்டு, கொக்கி, விளக்குக் கூண்டு எல்லாம் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரிசையாக இருக்கும். இதை யாரும் வெட்டவில்லை, ராவவில்லை. ஒளி பட்டால் மாறும் பூச்சைத் தகட்டில் பூசி, படத்தை மேலே வைத்து ஒளி காட்டி, பிறகு ஃபெரிக் குளோரைடில் விடுகிறார்கள். வேண்டாத பித்தளையை அது தின்றுவிடும். மடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பாதி தின்ன வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மடிப்பின் உட்பக்கம் வர வேண்டும். நான் முதல் துண்டை வெளிப்பக்கமாக மடித்து உடைத்தேன்.

பித்தளையை நெருப்பில் காட்டினால் இளகும், இரும்பு மாதிரி தண்ணீரில் போட்டாலும் முறுகாது என்று சின்ன வயதில் நீங்கள் சொன்னது இங்கே கைகொடுத்தது. ஆனால் பூட்டுப் பித்தளை நினைப்பில் காட்டிவிட்டேன். ஸ்பிரிட் விளக்கில் இரண்டு எண்ணுவதற்குள் ஒரு கொக்கி உருகிச் சொட்டாகிவிட்டது. இன்னொரு விளக்குக் கூண்டு ட்வீசரிலிருந்து 'டிங்' என்று எகிறியது. மிளகு காயப்போட்ட சாக்குப் பக்கம் போனதாக ஞாபகம். யாருடைய ரசத்தில் கிடக்கிறதோ.

இந்த மலையின் பனிமூட்டம் வேறு. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும். ஈரம் மிஞ்சினால் ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பூத்தது போல வெள்ளை படர்கிறது. இப்போதெல்லாம் வெயில் ஏறிய பிறகு, ஊசி முனையில் தொட்டுத் தொட்டுத்தான் வைக்கிறேன். தகட்டின் முதுகை உங்கள் அரத்தால் லேசாகக் கீறிவிட்டால் பிடிமானமும் நன்றாக இருக்கிறது.

எல்லாவற்றையும் பித்தளையில் போட வேண்டும் என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. தகடு என்றைக்கும் தட்டைதான். உருண்டையான கைப்பிடியை அதில் செய்தால் ரிப்பன் ஒட்டியது போல இருக்கிறது. அதற்கு வயரை உரித்தெடுத்த செம்புக் கம்பியே மேல். அப்படி முக்கால்வாசித் துண்டுகளைத் தொடவே இல்லை.

மட்கார்டு மட்டும் அச்சு அசலாக வந்திருக்கிறது சித்தப்பா. மூன்று ராத்திரி வேலை. ஓரம் பிளேடு மாதிரி நிற்கிறது. சிக்கல் அதில்தான். சண்டை பார்த்த டாங்கியின் மட்கார்டு இப்படி நேராக இருக்காது. பிளாஸ்டிக்கைச் சூடு காட்டி வளைத்தால் மெழுகு மாதிரிதான் வளையும். பித்தளை மட்டும்தான் தகரம் மாதிரி நசுங்கும். அதற்காகத்தானே வாங்கினேன்? குறடு எடுத்துக்கொண்டு இரண்டு தடவை உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அடுத்த வாரம் வாழைத்தார் வெட்டு. காலை பஸ்ஸில் சித்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மலைவாழை ஒரு தார் எடுத்து வைக்கிறேன். மட்கார்டை அதுவரை அப்படியே விட்டிருப்பேன். எங்கே, எவ்வளவு நசுக்கலாம் என்று பார்த்து நீங்களே ஒரு பிடி பிடித்துவிடுங்கள். உங்கள் வாய்க்குறடு கொண்டுவர மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகன்
செல்வம்