விடிஞ்சாலும் போகாத பேச்சு

குடியை விடுவதாக நான் செய்த சத்தியங்களுக்குக் கணக்கே இல்லை. அம்மாவின் கையில் அடித்துச் செய்திருக்கிறேன். குலசாமி கோயிலில் கயிறு கட்டியிருக்கிறேன். ஒரு வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்றே, வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு குவார்ட்டர் வாங்கினேன். அதற்குப் பிறகு அந்த 48 நாளையே சாட்சிக்கு இழுப்பேன். “பாத்தீல்ல? நெனச்சா நிறுத்திடுவேன்.”

கடைசிச் சத்தியம் மகளின் தலையில் அடித்துச் செய்தது. அவளுக்கு அப்போது ஏழு வயது. மூன்றாம் நாளே குடித்துவிட்டேன். அடுத்த வாரம் ஒரு காலையில் அவள் தலையைத் தடவக் கையை நீட்டினேன். வெடுக்கென்று பின்னால் போய்விட்டாள்.

“சத்தியம் பண்ணாதப்பா.”

பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் அடித்தோமோ அவர்கள் செத்துப்போவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அன்று நானாகவே நிறுத்தினேன். மறுநாள் டீ கிளாஸைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. ராத்திரி வலிப்பு வந்தது. வருஷக்கணக்காகத் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருத்துவ மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் திட்டினார். பத்து நாள் கழித்து அனுப்பும்போது, “உடம்புல இருந்து எடுத்துட்டோம். மீதிக்கு இங்க போங்க” என்று சீட்டின் பின்பக்கம் ஓர் இடத்தையும் கிழமையையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்.

சர்ச்சை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடம். முதல் வாரம் கேட்டைத் தாண்டி இரண்டு முறை நடந்துவிட்டுத் திரும்பினேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? பட்டப்பகலில் கடை வரிசையில் நின்றபோது கூசாத முகம் இது. இரண்டாவது வாரம், வாசலில் நின்ற ஒரு பெரியவர், “உள்ள வாங்க தம்பி, டீ ஆறுது” என்றார். எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை.

இரண்டாம் வகுப்பு அறை. குழந்தைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்கப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை. குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி என்றார்கள். ஒவ்வொருவராக எழுந்து பேரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பித்தார்கள். குடிகாரன் என்ற சொல்லை ஊரே என் மேல் வீசியிருக்கிறது. அதைத் திருப்பி வீசத்தான் எனக்குத் தெரியும். நோயாளி என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒருவர், அரிசிப் பானைக்குள் பாட்டில் ஒளித்து வைத்த கதையைச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னுடையது ஃபிளஷ் டாங்கில் இருந்தது. அதை யாரிடமாவது சொல்ல முடியும் என்று அதுவரை தோன்றியதே இல்லை. அங்கே யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. ஒருவர் சொல்லி முடித்ததும் அடுத்தவர் தன் கதையைச் சொல்கிறார்.

இது ஏன் இப்படி என்று பிறகுதான் புரிந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைகூடாமல் குடிக்கத் தவித்துக்கொண்டிருந்த பில் வில்சன் என்ற பங்குத் தரகர், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போனார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பாபைத் திருத்தியாக வேண்டும் என்று அல்ல, தான் அன்றைக்குக் குடிக்காமல் இருப்பதற்காகத்தான் பில் பேசப் போனார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இந்த அமைப்பு.

குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். நியாயமான பழமொழி. நான் செய்த சத்தியங்கள் எல்லாமே நாளைக்கு, இனிமேல், சாகிறவரைக்கும் என்று நீண்டவை. இந்தக் கூட்டத்தில் அவ்வளவு தூரத்துக்கு யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. இன்றைக்கு ஒருநாள் குடிக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு விடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

எனக்கு எல்லாமே ஒத்துவந்தது என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிற இடங்களில் நெளிந்தேன். பெரியவரிடம் கேட்டதற்கு, “அவங்கவங்களுக்குப் புரிஞ்ச கடவுள்னுதான் போட்டிருக்கு. எனக்கு இந்த பெஞ்சுதான்” என்றார். எனக்கு முன்னால் வந்தவர்களில் சிலர் அப்புறம் வரவே இல்லை.

43ஆம் நாள் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். எழுந்து நின்று சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பெரியவர் டீயை என் பக்கம் நகர்த்தி, “வந்துட்டீங்கல்ல, உக்காருங்க” என்றார். குடித்ததை நானாக, போதையில்லாமல், நாலு பேர் முன்னால் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை. அந்தப் பேச்சு விடிந்தும் போகவில்லை.

அதிலிருந்து ஒரு வருஷம் நாலு மாதம் ஆகிறது. மனைவி இன்னமும் கதவைத் திறக்கும்போது ஒரு கணம் மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். பார்க்கட்டும். மகளிடம் நான் எதற்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், அம்மா குளித்துக்கொண்டிருந்ததால், சீப்பை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

வகிடு கோணலாகத்தான் வந்தது.