முதலில் சூட்டைப் பார்

மட்டக்களப்பு வாவியின் உப்பைச் சிலிக்கன் சிப்பால் அளக்கப் பழக வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணீர் எத்தனை பாகை?" என்றுதான். அநேகமாகப் பதில் வராது.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர், திரையில் சிப்புக்கான ஒரு வளையம் வரைய விடுமுன் கை ரிஃப்ராக்டோமீற்றரைத் தந்து படுவான்கரைக்கு அனுப்பினார். கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, குமிழியில்லாமல் மூடியைச் சாய்த்தவுடன் கண்ணில் வைக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "பொறு மனே, சொட்டும் கண்ணாடியும் ஒரே சூட்டுக்கு வரட்டும், மறுகா பார்." வெப்பத் திருத்தம் உண்டென்று கருவியில் போட்டிருக்கும். அது பெரும்பாலும் 10 முதல் 30 பாகை வரைக்குத்தான். சித்திரை வெயிலில் கரையோரத் தண்ணீர் மத்தியானமே 30ஐத் தாண்டிவிடும்.

கருவி உப்பைப் பார்ப்பது தண்ணீரின் முறிவுச் சுட்டி வழியாக. நன்னீரில் அது 1.333, கடல்நீரில் ஏறத்தாழ 1.339. மார்கழி வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டும் நாளிலிருந்து ஆவணிக் காய்ச்சல் வரை வாவி காட்டும் மாற்றமெல்லாம் அந்த மூன்றாம் தசமத்துக்குள் அடக்கம்.

சிப்பில் நிலைமை இன்னும் இறுக்கம். 220 நனோமீற்றர் தடிப்பு, 500 அகலம் கொண்ட அலைவழியை 10 மைக்ரோமீற்றர் ஆரையில் வளையமாக்கினால், ஆயிரத்தில் ஒரு பங்கு உப்புக் கூடும்போது அதன் ஒத்திசைவு அலைநீளம் 13 பிக்கோமீற்றர் அளவில் நகரும். ஒரு பாகைச் சூடு ஏறினாலோ 70 அளவில் நகரும். நன்னீரிலிருந்து கடல் வரையான உப்பு முழுவதையும் ஏழு பாகைச் சூடு விழுங்கிவிடும்.

அதனால் இரண்டு வளையம் வைப்போம். ஒன்று சிலிக்கா மூடியின் கீழே, சூட்டை மட்டும் பார்க்க. மற்றதன் மேல் மூடியை அரித்துத் தண்ணீருக்குத் திறந்துவிட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சரி என்று புதியவர்கள் நினைப்பார்கள். கழியாது. சூடேறும்போது தண்ணீரின் முறிவுச் சுட்டி பாகைக்கு 0.0001 அளவில் இறங்குவதால் திறந்த வளையம் சற்றுக் குறைவாகவே நகரும். வடித்த நீரை விட்டு, சூட்டைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு வளையத்தின் சரிவையும் தனித்தனியே எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான். சொட்டைத் திறந்து வைத்தால் ஆவியாகி உப்பு தானே ஏறும். வாவித் தண்ணீரானால் மூடியை அரித்த திறப்பில் பாசி படிந்து, அதுவும் உப்பைப் போலவே நடிக்கும்.

வளையத்துக்கும் அதற்கு ஒளி கொண்டுவரும் நேர் அலைவழிக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் இரண்டு வளையத்துக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். 1550 நனோமீற்றர் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சும். அதனால் திறந்த வளையத்தில் இழப்பு அதிகம், நேர் அலைவழியை அதற்கு இன்னும் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஃபவுண்ட்ரியிலிருந்து சிப் வர மாதக்கணக்காகும் என்பதால் ஒரே சிப்பில் 150, 200, 250 நனோமீற்றர் என்று பல இடைவெளிகளைப் போட்டு அனுப்புவேன். 1310இல் உறிஞ்சல் மிகக் குறைவு என்று சிலர் அங்கே மாறிவிட்டார்கள். என்னிடம் இருக்கிற லேசர் 1550.