தூக்கிக்கொண்டு நிற்கும் டைல்ஸ்

கல்யாண மண்டபத்தில் திடீரென்று நாலு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டித் தூக்கிக்கொண்டு நின்றால், பழி முழுக்க ஒட்டிய மேஸ்திரி தலையில் விழுகிறது. பல இடங்களில் தப்பு அதற்கு முன்பே, வரைபடத்திலேயே நடந்திருக்கும்.

10 மீட்டர் கான்கிரீட், வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். டைல்ஸும் சூட்டில் நீளும்; அதைச் சுவருக்குச் சுவர் இறுக்கி ஒட்டிவிட்டால் அந்த நீட்சி எங்கே போகும்? மேலேதான்! அமெரிக்காவின் டைல்ஸ் தொழில் அமைப்பான டிசிஎன்ஏவின் கையேடு, கட்டடத்துக்குள்ளே அதிகபட்சம் 25 அடிக்கு ஒரு இடைவெளி விடச் சொல்கிறது. வெயில் படும் இடத்தில் 8–12 அடிக்கு ஒன்று. நம் மொட்டை மாடிக்கு இரண்டாவது கணக்குதான்.

அந்த இடைவெளிக்குள் சிமென்ட் க்ரௌட்டை அடைத்தால் விட்டதே வீண். சிலிக்கான், பாலியூரித்தேன் மாதிரி இழுபடும் சீலன்ட்தான் வேண்டும். சுவரோர இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். கட்டடத்திலேயே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இருந்தால், டைல்ஸிலும் அதே கோட்டில் அது தொடர வேண்டும். மேலே மூடி ஒட்டக்கூடாது.

(கோடு தெரிந்தால் அசிங்கம் என்பவர்களுக்கு: டைல்ஸ் நிறத்திலேயே சீலன்ட் கிடைக்கிறது சார்.)

பெரிய ஹால் கட்டுகிறீர்களா? டைல்ஸ் வாங்கும் முன்பே இந்தக் கோடுகளை வரைபடத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.